பெட்டியோடு வரும் ஸ்கோப்: குற்றம் கண்ணாடியில் இல்லை

போன டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தோம். புதுக்கோட்டைப் பக்கத்தில் என் மனைவியின் தம்பி வீடு. அவர் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பிறந்தநாளுக்கு அப்பாவிடம் கேட்டு வாங்கிய, காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிள், அதே பெட்டியில் இனாமாக வந்த ஒரு ஸ்கோப் (குறி பார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் சின்னத் தொலைநோக்கி) ஆகிய இரண்டையும் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான்.

"மாமா, காலைல சுட்டா ஒரு எடத்துல விழுது, சாயங்காலம் சுட்டா வேற எடத்துல விழுது. ஸ்கோப்பு வேற மங்கலா தெரியுது. எனக்குத்தான் சுட வரலையா?"

கடைசிக் கேள்விதான் என்னை உட்கார வைத்தது. சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் லென்ஸ்களை அளந்து தரம் பார்ப்பது என் வேலை, 22 வருடமாக. பிள்ளை தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அந்தக் குழாய் என்ன செய்கிறது என்று பார்க்காமல் கிளம்ப மனசு வரவில்லை.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் நேரடியாக வராது. இங்கே ஏர் கன்னும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். காவல்துறை உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. 2021ஆம் ஆண்டின் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதே கண்டிப்போடுதான் இருக்கிறது. ஆசைப்பட்டவர்கள் சங்கத்தில் சேர்ந்து, சுடுதளத்துக்குப் போய், பயிற்றுநர் முன்னால் சுட வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குண்டு பாயும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத 4.5 மி.மீ. ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதனால் அங்கே அது இணையத்தில் ஆர்டர் போட்டு வாங்கும் பொருளாகிவிட்டது. நம்மில் பலருக்கு அண்ணன் மகனும் தங்கை மகனும் ஊரில் இருக்கிறார்கள். "எந்த ஸ்கோப்பு நல்லது, சித்தப்பா?" என்று வாட்ஸாப்பில் கேட்பார்கள். அவர்களுக்குச் சரியான பதில் சொல்லவாவது நமக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

என் மகள் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கி சுடுதலை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்திருக்கிறாள். அவள் ரைபிளில் ஸ்கோப்பே கிடையாது. 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் தொலைநோக்கிக்கு அனுமதி இல்லை. பின்னால் ஊசித்துளை போன்ற ஒரு ஓட்டை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டில் நம் சிங்கப்பூர் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கியதும் இந்த ஓட்டை வழியாகப் பார்த்துத்தான். அந்தப் போட்டியின் இலக்கில் 10 என்ற புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. உருப்பெருக்கம் இல்லாமல் அதை அடிக்க முடிகிறது என்றால், குறி தப்புவதற்கும் 'பெரிதாகத் தெரியவில்லை' என்பதற்கும் சம்பந்தம் குறைவு என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

மருமகனின் ஸ்கோப் 4×20 ரகம். நான்கு மடங்கு உருப்பெருக்கம், முன் லென்ஸ் 20 மி.மீ. மலிவு ரைபிளோடு வருவதில் பெரும்பாலும் இதுதான் இருக்கும், இல்லையென்றால் 3 முதல் 7 மடங்கு வரை மாற்றக்கூடிய அதன் அண்ணன். குழாயின் தடிமன் முக்கால் அங்குலம். நல்ல ஸ்கோப்புகளில் இது ஓர் அங்குலம் அல்லது 30 மி.மீ.

முதலில் மங்கல் என்ற புகாரை எடுத்துக்கொள்வோம், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். ஐந்து லென்ஸ் என்றால் பத்துப் பக்கம். பெருக்கிப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு ஒளிதான் கண்ணுக்கு வந்து சேரும். நல்ல பல்லடுக்குப் பூச்சு போட்டால் ஒரு பக்கத்துக்கு அரை சதவீதத்துக்குள் இழப்பு நிற்கும், மொத்தத்தில் 95 சதவீதம் வரும். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் நண்பகல் வெயிலில் மூன்றில் ஒரு பங்கு ஒளி போனதைக் கண் பெரிதாகக் கண்டுகொள்ளாது. உண்மையில் அவன் பார்த்த மங்கல் ஒளிக் குறைவால் வந்ததே அல்ல. குழாயின் உள்சுவரில் சரியாகக் கறுப்பு அடிக்கவில்லை. வெளியிலிருந்து நுழையும் வெயில் அந்தப் பளபளப்பில் பட்டுச் சிதறி, படத்தின் மேல் பால் ஊற்றியது போலப் படர்கிறது. முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புத் தாளைச் சுருட்டிச் செருகினேன். பாதி மங்கல் அப்போதே போய்விட்டது.

முன் லென்ஸ் மாணிக்கக் கல் போலச் சிவப்பாக மின்னியது. கடைக்காரர்கள் இதை உயர்தரப் பூச்சு என்று சொல்லி விற்பதுண்டு. லென்ஸ் சிவப்பாக மின்னுகிறது என்றால் சிவப்பு ஒளியை வெளியே திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம். கண்ணுக்கு வரும் படத்தில் அந்தச் சிவப்பு இருக்காது. எதிர்வீட்டுச் செங்கல் சுவரை அதன் வழியாகப் பார்த்தேன், செங்கல் சாம்பல் கலந்த பழுப்பாகத் தெரிந்தது. ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாக நிறம் பிரிந்தது. நிறம் பிரியாமல் இருக்க இரண்டு வகைக் கண்ணாடியை ஒட்டிச் செய்யும் லென்ஸுக்கு ஜான் டாலண்ட் 1758இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அவ்வளவு பழைய வித்தையைக்கூட விலைக்காகச் சுருக்கிவிடுகிறார்கள்.

இன்னொரு சோதனையும் செய்தேன். ஸ்கோப்பைக் கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்பினால், கண் வைக்கும் பக்கத்தில் ஒரு சின்ன ஒளி வட்டம் தெரியும். அதன் விட்டத்தை உருப்பெருக்கத்தால் பெருக்கினால் முன் லென்ஸில் உண்மையில் எத்தனை மி.மீ. வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். 4×20க்கு 5 மி.மீ. வட்டம் தெரிய வேண்டும். ஸ்கேலை வைத்து அளந்தேன், 3.5 மி.மீ. இருந்தது. அப்படியானால் வேலை செய்வது 14 மி.மீ. மட்டும். உள்ளே ஒரு வளையத்தைப் போட்டு லென்ஸின் ஓரத்தை மறைத்திருக்கிறார்கள். ஓரம் மோசமாக இருந்தால் படம் கலங்கும், அதை மறைக்கத்தான் இந்த வேலை. குழந்தைகளுக்கு விற்கும் மலிவுத் தொலைநோக்கிகளிலும் இதே தந்திரத்தைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் குறைதான். ஆனால் இதில் ஒன்றுகூட, காலையில் விழுந்த குண்டு சாயங்காலம் வேறு இடத்தில் விழுவதற்குக் காரணம் இல்லை. மங்கலான படமும் நிலையாக இருந்தால் குறி வைக்கலாம். ஆகவே அடுத்ததாக ஸ்கோப்பைக் கழற்றினேன்.

ஆலன் கீ போட்டு, ஸ்கோப்பை ரைபிளோடு பிணைக்கும் மவுண்ட் திருகைத் தளர்த்தும்போதே முதல் தடயம் கிடைத்தது. ரைபிளின் மேல் 11 மி.மீ. தடம் ஒன்று இருக்கும், மவுண்ட் அதைக் கவ்விப் பிடிக்கும். மவுண்ட் முன்பு நின்ற இடத்துக்கும் இப்போது நின்ற இடத்துக்கும் நடுவில் 2 மி.மீ. நீளத்துக்குக் கறுப்புப் பூச்சு உரிந்து இரும்பு பளிச்சென்று தெரிந்தது. சுடச் சுட ஸ்கோப் பின்னால் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

ஏன் பின்னால்? மலிவு ஏர் ரைபிள் பெரும்பாலும் ஸ்பிரிங் பிஸ்டன் வகை. ட்ரிகரை அழுத்தியதும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, அதனால் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் போய் முட்டியதும் துப்பாக்கி சடாரென்று முன்னால் குதிக்கிறது. இந்த இரண்டாவது உதைதான் கூர்மையானது. துப்பாக்கி முன்னால் குதிக்கும்போது அதன் முதுகில் இருக்கும் ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பேருந்து திடீரென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிறோமே, அதே கதை. வெடிமருந்து ரைபிளின் உதை பின்னோக்கி மட்டும் இருக்கும். அந்த ஒரு திசைக்காகச் செய்த ஸ்கோப், விலை உயர்ந்ததாகவே இருந்தாலும், ஸ்பிரிங் ஏர் ரைபிளில் மாட்டினால் உள்ளே ஆட்டம் கொடுத்துவிடலாம். பெரிய துப்பாக்கியின் உதையைத் தாங்கியது சின்ன ஏர் கன்னில் உடையுமா என்று கேட்பவர்கள் உண்டு. உடையும். உதையின் பலத்தைவிட அதன் திசை முக்கியம்.

மவுண்ட் நகர்வதைத் தடுக்கலாம். தடத்தில் இருந்த எண்ணெயை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, திருகுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கி, மவுண்டின் அடியில் இருந்த தடுப்பு ஊசியை ரைபிளில் அதற்கென்று போட்டிருந்த குழியில் இறக்கினேன். அந்தக் குழி எதற்கு என்று பெட்டியில் இருந்த தாளில் ஒரு வரிகூட இல்லை.

உள்ளே நடப்பதைத்தான் தடுக்க முடியாது. இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

முன் லென்ஸ் உருவாக்கும் படம் தலைகீழாக இருக்கும். அதை நிமிர்த்த, பெரிய குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது. அதன் ஒரு முனை கீல் போலப் பிடித்திருக்கும், மறுமுனை ஆடும். மேலே ஒரு குமிழ், பக்கத்தில் ஒரு குமிழ், இரண்டும் உள்ளே நீளும் திருகுகள். அவை ஒருபக்கம் தள்ள, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் தகடு தள்ளிக்கொண்டே இருக்கும். குறி வைக்க ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு எங்கே நிற்கிறது என்பதை முழுக்க முழுக்க இந்தத் தகடுதான் தீர்மானிக்கிறது. தகடு வலுவாக இருந்தால் சின்னக் குழாய் திருகோடு ஒட்டியே நிற்கும். வலு இல்லையென்றால், திருகைப் பின்னால் இழுத்தாலும் குழாய் உடனே பின்தொடராது. எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த உதையில் திடீரென்று இடம் மாறும்.

இதைச் சுடாமலே பார்க்கலாம். அட்டைப் பெட்டி ஒன்றில் இரண்டு பக்கமும் ஆங்கில 'வி' போல வெட்டி, ஸ்கோப்பை மட்டும் அதில் படுக்க வைத்து, அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல் வைத்தேன். 10 மீட்டர் தள்ளி மாட்டுக்கொட்டகைச் சுவரில் அடித்திருந்த ஆணி ஒன்றில் குறுக்குக்கோட்டை நிறுத்தினேன். மருமகனைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கத்துக் குமிழை 20 க்ளிக் (குமிழ் திரும்பும் ஒவ்வொரு படியும் ஒரு க்ளிக்) வலப்பக்கம் திருப்பினேன்.

"நகருது மாமா."

20 க்ளிக் திரும்பக் கொண்டுவந்தேன்.

"வரலையே. பாதில நிக்குது."

திருப்புளியின் கைப்பிடியால் குமிழின் தலையில் லேசாகத் தட்டினேன். குறுக்குக்கோடு துள்ளி, ஆணியையும் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது. அவன் கண்ணை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். வாரக்கணக்கில் அவன் மனதை அரித்த கேள்விக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது.

ஒரு க்ளிக் என்பது பொதுவாக ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கில் கால் பங்கு. 100 மீட்டரில் அது 7 மி.மீ. சொச்சம், 10 மீட்டரில் 0.7 மி.மீ. சொச்சம். எண்ணிக்கை சரிதான், திருகின் மரையும் ஓரளவு சரிதான். அந்த எண்ணிக்கையைக் குறுக்குக்கோட்டுக்குக் கொண்டு சேர்க்க வேண்டிய தகடுதான் சோர்ந்துபோய்க் கிடக்கிறது. பையன் காலையில் மூன்று க்ளிக் திருப்புவான், ஒன்றும் நடக்காது. இன்னும் மூன்று திருப்புவான். பத்தாவது குண்டின் உதையில் ஆறும் ஒன்றாக வந்து சேரும். மறுபடி எதிர்ப்பக்கம் திருப்புவான். இப்படியே ஒரு டப்பா பெல்லட், அதாவது ஏர் ரைபிள் குண்டு, தீர்ந்துபோகும்.

இரண்டாவது காரணம் இடமாறு தோற்றப் பிழை. தேக்கா சந்தையில் வட்ட முகம் கொண்ட பழைய முள் தராசில் காய் நிறுப்பதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கடைக்காரருக்கு முள் ஒரு கிலோவில் நிற்கும், உங்களுக்குச் சற்றுத் தள்ளித் தெரியும். முள்ளும் எழுத்தும் ஒரே தளத்தில் இல்லாததால் வரும் கோளாறு. ஸ்கோப்பில் குறுக்குக்கோடுதான் முள், இலக்கின் படம்தான் எழுத்து. இரண்டும் ஒரே தளத்தில் விழுவது, தொழிற்சாலையில் நிர்ணயித்த ஒரே ஒரு தூரத்தில்தான். வெடிமருந்து ரைபிளுக்கான ஸ்கோப்பில் அது பெரும்பாலும் 100 கெஜம். இந்த ஸ்கோப்பில் எவ்வளவு என்று அறிய, அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வெவ்வேறு தூரத்துப் பொருள்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிப் பார்த்தோம். கிணற்றடி வேப்பமரத்தின் மேல், சுமார் 45 மீட்டரில், கோடு நகராமல் நின்றது. கொட்டகைச் சுவரில் நன்றாகவே நகர்ந்தது.

கணக்குக் கடினமில்லை. வேலை செய்யும் லென்ஸின் ஆரம் 7 மி.மீ. 45 மீட்டருக்கு அமைத்த ஸ்கோப்பை 10 மீட்டரில் பயன்படுத்தினால், கண் ஓரத்தில் இருக்கும்போது பிழை 7 மி.மீ.யில் 45க்கு 35 பங்கு, அதாவது ஏறத்தாழ 5.5 மி.மீ. இலக்குத் தாளில் வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ.தான். கன்னத்தை ஒருமுறை மேலே வைத்து, அடுத்த முறை கீழே வைத்தால், 10 என்று நினைத்துச் சுட்டது 8இல் விழும். ஸ்கோப்பில் பார்த்தால் குறி துல்லியமாகத்தான் இருக்கும். லென்ஸின் முழு 20 மி.மீ.யும் வேலை செய்திருந்தால் பிழை கிட்டத்தட்ட 8 மி.மீ. ஆகியிருக்கும். ஓரத்தை மறைக்கப் போட்ட அந்த வளையம் இந்தப் பிழையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறது. எல்லோரும் குறை சொல்லும் மங்கலால் இழப்பு கொஞ்சம், யாரும் கவனிக்காத தூரத்தால் இழப்பு அதிகம்.

என் மகளின் ஊசித்துளை இந்தப் பிழைக்கு இடமே கொடுப்பதில்லை. துளை மிகச் சிறியது. கண் சற்று விலகினாலும் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று உட்காராது, உடனே தெரிந்துவிடும். அவளுக்கு அது தவறைக் காட்டிக்கொடுக்கிறது, இவனுக்கு ஸ்கோப் தவறை மறைக்கிறது. பழகுகிற வயதில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமல்ல.

அதே தந்திரத்தை ஸ்கோப்புக்கும் செய்து பார்த்தோம். பெல்லட் டப்பா வந்த அட்டையில் 8 மி.மீ. ஓட்டை போட்டு, கறுப்பு மை தடவி, முன் லென்ஸுக்கு மூடி போல மாட்டினோம். ஆரம் 4 மி.மீ. ஆனதும் பிழை 3 மி.மீ. சொச்சத்துக்கு இறங்கியது. படம் இருண்டது, ஆனால் வெயிலில் போதுமான அளவு தெரிந்தது, முன்பைவிடக் கூர்மையாகவும் தெரிந்தது.

ஏன் இப்படிப்பட்ட பொருளைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்? என் தொழிலில் விலைப் பட்டியல்களைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். கடையில் நிற்பவர் ஸ்கோப்பைக் கையில் எடுத்துத் தெருக்கோடியைப் பார்ப்பார், பெட்டியில் உள்ள எண்ணைப் படிப்பார், லென்ஸ் மின்னுகிறதா என்று பார்ப்பார். கடையில் யாரும் இருநூறு குண்டு சுட்டுப் பார்ப்பதில்லை. ஆகவே கண்ணில் படுகிற இடத்துக்குக் காசு போகிறது. ஸ்பிரிங் தகடு, திருகின் மரை, உள்சுவர்க் கறுப்பு, ரப்பர் வளையம் என்று கண்ணில் படாத இடங்களில் காசு குறைகிறது. துப்பாக்கியின் விலையை ஏற்றாமல் இனாம் கொடுக்க வேறு வழி இல்லை. எனக்குக் கோபம் வரும் இடம் வேறு. சில மாடல்களில் ஸ்கோப் இருக்கிறது என்று சொல்லி, குழல் மேல் இருக்க வேண்டிய சாதாரணத் திறந்த குறிமுனைகளையே (ஸ்கோப் இல்லாமல் வெறும் கண்ணால் குறி வைக்க உதவுபவை) எடுத்துவிடுகிறார்கள். அதை வாங்கும் பிள்ளைக்குத் திரும்பிப் போக இடமே இல்லை. வாங்கும் முன் பார்க்க வேண்டியது, திறந்த குறிமுனை இருக்கிறதா என்பதைத்தான்.

ரப்பர் வளையத்தைச் சொன்னேன். நல்ல ஸ்கோப்பின் உள்ளே நைட்ரஜன் நிரப்பி இறுக்கி மூடியிருப்பார்கள். மலிவில் அது பெயருக்குத்தான். புதுக்கோட்டை வெயிலில் பரவாயில்லை, சிங்கப்பூரில் ஈரப்பதம் ஆண்டு முழுக்கச் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017இல் மூடப்படுவதற்கு முன் அங்கே வாங்கிய பழைய பைனாகுலர் ஒன்றை என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன். ஒரு வருடத்தில் உள் லென்ஸில் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் ஈரம் நீக்கும் அலமாரிக்குச் செலவு செய்வது வீண் இல்லை.

மருமகனிடம் ஸ்கோப்பை ஒரு மாதம் மறந்துவிடச் சொன்னேன். நல்ல வேளை, அவன் ரைபிளில் திறந்த குறிமுனை இருந்தது. மணல் நிரப்பிய பெட்டி, அதன் முன் தாள், பின்னால் சுவர், பறவைகள் பக்கம் குழல் திரும்பவே கூடாது, ஸ்கோப் மாட்டிய துப்பாக்கியால் யாரையும் எதையும் வேடிக்கை பார்க்கக் கூடாது. இந்த ஐந்துக்கும் அவன் அப்பா பொறுப்பு. பிறகு காசு சேர்ந்தால் 4×32 ரகத்தில், ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கென்றே செய்த, 10 மீட்டர் வரை தூரம் திருத்தக்கூடிய ஒன்றை வாங்கச் சொன்னேன். 9 மடங்கு, 12 மடங்கு என்று எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். கை நடுக்கமும் அதே மடங்கில் பெரிதாகும்.

திரும்பி வந்து மூன்று வாரம் கழித்து, இஷூனில் மகளைப் பயிற்சியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தபோது அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"மாமா, அந்தத் தகட்ட மட்டும் மாத்த முடியாதா?"

முடியாது என்றேன். அதை எடுக்க முன் லென்ஸைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது லென்ஸ் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் படம் போய்விடும், அதை நேர்ப்படுத்தும் கருவி என் தொழிற்சாலையில்தான் இருக்கிறது, அவன் வீட்டில் இல்லை.

"அப்ப இத வச்சு என்ன பண்றது?"

குமிழைத் திருப்ப வேண்டிய இடத்தைவிட நாலு க்ளிக் கூடுதலாக வெளிநோக்கித் திருப்பி, பிறகு உள்நோக்கித் திருகியே சரியான இடத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். அப்போது தகடு இழுக்க வேண்டியதில்லை, திருகே குழாயைத் தள்ளிவிடும். பிறகு கைப்பிடியால் ரெண்டு தட்டு, பத்துக் குண்டு, அதற்கு மேல் குமிழைத் தொடாதே என்றேன். எழுதிக்கொள்வது கேட்டது. 20 மீட்டருக்கும் அதே 8 மி.மீ. ஓட்டை போதுமா என்று கேட்டான். போதும், பிழை இன்னும் குறையும், நீயே கணக்குப் போட்டுப் பார் என்றேன். சற்று நேரம் சத்தமில்லை.

"ரெண்டே கால் மில்லிமீட்டர், மாமா."